தேத்தண்ணிக் கோப்பையில் தொடங்குங்கள்: இரைப்பை ஒபரேஷனுக்குப் பிறகு எடையைக் காப்பது எப்படி

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் கொழும்பில் எனக்கு, எடையைக் குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஒபரேஷன் நடந்தது. 116 கிலோவோடு ரயில் ஏறிப் போனவள், பதினாறாவது மாதம் 73 கிலோவுக்கு வந்துவிட்டேன். சுகர் குளிசை நின்றது. லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் உள்ள படிக்கட்டை மூச்சு வாங்காமல் ஏறினேன். இனிமேல் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வருடம் முடியும்போது தராசு 81 காட்டியது. சோறு கூடவில்லை, கறி கூடவில்லை. எங்கிருந்து வந்தது என்று பிடிபடாமல், ஒரு வாரம் வாயில் வைத்ததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு கரண்டி சுமார் 5 கிராம் என்றால் 60 கிராம் சீனி, அதாவது 240 கலோரி. அதோடு பால்மா, அதோடு தொட்டுத் தின்னும் பிஸ்கட். இப்போது 76 கிலோவில் நிற்கிறேன். இந்த மலையில் ஒபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கொப்பி கற்றுத் தந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களுக்குத் தண்ணிச் சாப்பாடு, பிறகு மசித்த சாப்பாடு, பிறகு மென்மையான சாப்பாடு என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தந்திருப்பார்கள். அந்த நாட்களில் அந்தத் தாளை விட்டு விலகாதீர்கள். கீழே உள்ளது, சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களுக்கு.

படி 1: உங்கள் வயிற்றுக்குள் என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் அந்த வெட்டிய பகுதியில்தான் சுரக்கிறது. அதனால்தான் முதல் வருடம் பசியே தெரியாது. எடை குறைக்கச் செய்யும் இன்னொரு ஒபரேஷனான பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சின்னப் பையை மட்டும் வைத்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைத்துவிடுகிறார்கள். அதில் சாப்பாடும் குறையும், சத்து உறிஞ்சுவதும் குறையும்.

இரண்டிலும் ஒரு விஷயம் பொது. கெட்டியான சாப்பாட்டைத்தான் சின்ன இரைப்பை தடுத்து நிறுத்தும். திரவமும், வாயிலேயே கரைந்துபோகும் பிஸ்கட்டும், ஐஸ்கிரீமும், மிக்சரும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். "நான் ரெண்டு வாய்தானே சாப்பிடுறேன், எப்படிக் கூடுது?" என்று கேட்கிற எல்லோருக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

பசி மெல்ல மெல்லத் திரும்பி வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் எடை ஆகக் குறைந்த இடத்தைத் தொடும். அதன் பிறகு கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான். ஒன்றிரண்டு கிலோ ஏறியதற்காக அழாதீர்கள். ஏறிக்கொண்டே போனால் காரணத்தைத் தேடுங்கள்.

படி 2: தேத்தண்ணியைச் சரிசெய்யுங்கள்

மலையகத்தில் தேத்தண்ணி வெறும் பானமில்லை. காலையில் எழும்பினால் ஒன்று, மலைக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வீட்டுக்கு யார் வந்தாலும் ஒன்று. குளிர் வேறு. அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, நானும் விடவில்லை. சீனியைத்தான் விட்டேன்.

ஒரே நாளில் நிறுத்த முயன்றேன், மூன்றாம் நாள் தோற்றேன். வாராவாரம் அரைக் கரண்டியாகக் குறைத்ததுதான் கைகொடுத்தது. நான்கு வாரத்தில் வெறும் சாயத்துக்கு வந்துவிட்டேன். இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டால் சீனி இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கலாமா என்று அத்தை கேட்டார். கித்துள் கருப்பட்டியும் சீனிதான் அத்தை, உடம்பு இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும் என்றேன்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து. இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் வயிறு முறுக்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றோட்டமும் வரலாம். ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் இன்னொரு விதமாகவும் வரும்: இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். அந்த நேரம் கொஞ்சம் இனிப்பு எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதோடு விட்டால் திரும்பவும் இறங்கும்; பிறகு ஒரு முட்டையோ கொஞ்சம் கடலையோ சாப்பிடுங்கள். அடிக்கடி வந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

தேயிலையில் உள்ள சாயம் சாப்பாட்டிலும் குளிசையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. ஒபரேஷனுக்குப் பிறகு இரும்பு ஏற்கெனவே குறைவாகத்தான் சேரும். அதனால் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். இரும்புக் குளிசைக்கு இரண்டு மணித்தியாலம் விட்டால் நல்லது. நம் பெண்கள் இரத்தக் குறைவோடு எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

படி 3: தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள்

ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் குறையாமல் வேண்டும். நுவரெலியாக் குளிரில் தாகமே எடுக்காது, அதுதான் பிரச்சினை. ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீரை நிரப்பி மேசையில் வைத்து, மிடறு மிடறாகக் குடியுங்கள். சாப்பிடும்போது குடிக்காதீர்கள், சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இடையில் தண்ணீர் போனால் சாப்பாடு சீக்கிரம் இறங்கி, சீக்கிரம் பசிக்கும். கோலா, சோடா வேண்டாம்.

படி 4: சாப்பாட்டுக் கோப்பையில் புரதத்துக்கு முதலிடம்

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். தசை கரைந்தால் எடை திரும்ப ஏறுவது சுலபம். விலை கூடிய புரதப் பவுடர் இல்லாமலேயே இதைச் செய்யலாம். என் வீட்டில் ஒரு நாள் இப்படித்தான் போகிறது:

காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பத்து மணிக்குக் கொழுப்பகற்றிய பால்மாவை 25 கிராம் கரைத்துச் சீனியில்லாமல், 9 கிராம் அளவு. மத்தியானம் உள்ளங்கை அளவு தோலில்லாத கோழித்துண்டோடு இரண்டு மூன்று மேசைக்கரண்டி பருப்பு, 25 கிராம் அளவு. பின்னேரம் அரைக் கோப்பை அவித்த கடலை, 7 கிராம். இரவு ஒரு துண்டு மீன், 20 கிராம் அளவு. கூட்டிப் பார்த்தால் 70ஐத் தாண்டும். மீன் விலை ஏறும் நாட்களில் டின் மீனும் சோயா மீட்டும் இருக்கின்றன. நெத்தலிக் கருவாட்டிலும் புரதம் நிறைய, உப்பும் நிறைய. பிரஷர் உள்ளவர்கள் நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்.

முதலில் புரதம், இரண்டாவது மரக்கறி, கடைசியில் சோறு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். சோறு முதலில் போனால் மற்றதுக்கு இடமிருக்காது. மரக்கறிக்கு நமக்கு என்ன குறை? லீக்ஸ், கரட், போஞ்சி, கோவா, வல்லாரை, எல்லாம் வீட்டு வாசலிலேயே விளைகின்றன. தேங்காய்ப்பாலை மட்டும் அளந்து விடுங்கள்.

சின்னப் பீரிசில் பரிமாறி, இருபது முப்பது நிமிடம் எடுத்து மென்று சாப்பிடுங்கள். விக்கல் வருவது, மூக்கு ஒழுகுவது, நெஞ்சுக்குக் கீழே ஒரு அழுத்தம்: இந்த மூன்றில் எது வந்தாலும் வயிறு "போதும்" என்கிறது. அதற்குப் பிறகு ஒரு வாய் கூட வேண்டாம், அம்மா எவ்வளவு கெஞ்சினாலும்.

படி 5: ரொட்டியோடு ஒரு ஒப்பந்தம்

கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. ஆனால் ஒபரேஷனுக்குப் பிறகு தடித்த மென்மையான ரொட்டியும் புதுப் பாணும் பசை மாதிரித் திரண்டு குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும். முதன்முதலில் ஒரு ரொட்டியை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, அதிபர் முன்னால் நின்றுகொண்டே வலியில் கண் கலங்கினேன். குரக்கன் மா பாதி கலந்து, மெல்லியதாகத் தட்டி, மொறுமொறுப்பாகச் சுட்டு, முட்டை சாப்பிட்ட பிறகு கால் ரொட்டி. இப்போது அதுதான் என் அளவு.

படி 6: குளிசைகள், ஆயுள் முழுக்க

இதைத்தான் அதிகம் பேர் கைவிடுகிறார்கள். காரணமும் தெரியும். பி12 விற்றமின் ஈரலில் பல வருடத்துக்குச் சேமிப்பாக இருக்கும். குளிசையை நிறுத்தினாலும் ஒரு வருடம், இரண்டு வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு கால் மரத்துப்போகும், மறதி வரும், களைப்பு வரும். சில நரம்புப் பாதிப்புகள் திரும்பச் சரியாவதில்லை.

மல்டிவிற்றமின், பி12, விற்றமின் டி, கல்சியம், இரும்பு: இவை அடிப்படை. கல்சியம் சாப்பாட்டிலும் குளிசையிலுமாகச் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வேண்டும். ஒரே தடவையில் விழுங்காமல் பிரித்து எடுக்க வேண்டும். கல்சியமும் இரும்பும் ஒன்றாகப் போகக்கூடாது, இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். நான் இரும்பை இரவு படுக்கும்போதும், கல்சியத்தைக் காலையிலும் மத்தியானமும் எடுக்கிறேன். உங்கள் அளவை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் சில தடவையும், அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவதும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை தலைமுடி கொட்டும். பயந்துவிடாதீர்கள், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும்.

தங்கச்சிமாருக்கு ஒரு சொல்: எடை குறையும்போது கரு தங்கும் வாய்ப்பும் கூடும். 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். குடும்பநல மிட்வைஃபிடம் வெட்கப்படாமல் வேறு முறையைக் கேளுங்கள்.

அண்ணன்மாருக்கும் ஒன்று: சாராயம் இப்போது பல மடங்கு வேகமாகத் தலைக்கு ஏறும். முன்பு குடித்த அளவை நினைத்துக் குடிக்க வேண்டாம். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடத் தொடங்கிப் பழக்கத்துக்குள் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

படி 7: நடப்பதோடு பாரமும் தூக்குங்கள்

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். நம் ஏற்ற இறக்கப் பாதையில் அது இரட்டிப்பு வேலை. ஆனி, ஆடி மழையில் வெளியே இறங்க முடியாத நாட்களில் கதிரையில் உட்கார்ந்து எழும்புங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. இரண்டு லீற்றர் தண்ணிப் போத்தலைக் கையில் தூக்கி இறக்குங்கள். தசைக்கு இது கட்டாயம்.

படி 8: கொப்பியும் தராசும்

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்து எழுதுங்கள். தினமும் நிறுத்தால் மனம்தான் நோகும். ஆகக் குறைந்த எடையிலிருந்து மூன்று கிலோ ஏறியதும் ஒரு வாரம் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். ஏறிவிட்டதே என்று வெட்கப்பட்டு நான் எட்டு மாதம் போகாமல் இருந்தேன், அதுதான் நான் செய்த பெரிய பிழை. பட்டினி கிடந்து குறைக்கப் பார்க்காதீர்கள். தேவைப்பட்டால் கொடுக்க மருந்துகளும் இருக்கின்றன.

தீபாவளிக்கும் தோட்டத் திருவிழாவுக்கும் போகும்போது வீட்டிலேயே புரதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். "என்னா பிள்ள, இப்படி எளைச்சிப் போன, சொகமில்லையா?" என்று பெரியம்மா இலையில் இன்னொரு கரண்டி வைக்க வருவார். "நல்லா இருக்கேன் பெரியம்மா, சுகரும் போயிருச்சி" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். கையைப் பிடித்தால் கரண்டி இறங்காது.

படி 9: கதவுக்குப் பின்னால் ஒரு தாள்

தாங்க முடியாத வயிற்று வலி, இரத்த வாந்தி, கறுப்பு மலம், ஓயாத நெஞ்சுப் படபடப்பு: இவை வந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. சில நாட்களாக வாந்தி நிற்காமல், அதோடு நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அது பி1 விற்றமின் குறைந்ததற்கான அடையாளமாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான். வலிக்கு இபுபுரூபன், டைக்ளோபெனக் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள், புண் வரும்.

ஒரு தாளில் எந்த ஒபரேஷன், எந்தத் திகதி, எந்த ஆஸ்பத்திரி, என்னென்ன குளிசை என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன் கீழே தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து இலக்கம், வண்டி வரக்கூடிய பாதை எது என்பதையும் எழுதுங்கள். 1990 இலவச அம்புலன்ஸுக்கு எடுத்தால் முதலில் கேட்பது இடத்தைத்தான். பனிமூட்டத்தில் பதறி நிற்கும் பிள்ளைக்கு அதை வாசித்துச் சொல்ல முடிய வேண்டும். தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, இன்றைக்கே பிள்ளையை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.