விமானம் ஏறும் முன் ஃபோனுக்கு ஒரு வெள்ளோட்டம்

வேலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படங்களையும் பாட்டுகளையும் வீட்டிலேயே இறக்கி வையுங்கள். இறக்கியதோடு விடாமல், ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சத்துவாச்சாரியிலிருந்து துபாய்க்குப் போன என் அம்மா, மேலே போனதும் படத்தைத் தொட்டார். திரையில் வட்டம் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தது. படம் பாதிதான் இறங்கியிருந்தது. நான்கு மணி நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

சில விமானங்களில் இருக்கைத் திரை இருக்காது. விமானத்தின் வைஃபையில் சேர்ந்தால் அவர்கள் வைத்திருக்கும் படங்கள் ஃபோனிலேயே வரும். அதற்கு இணையம் வேண்டாம். ஆனால் சில நிறுவனங்களின் செயலியைத் தரையிலேயே நிறுவிக்கொள்ள வேண்டும். திரை இருந்தால் வயர் ஹெட்ஃபோன்தான் நம்பகம். பல திரைகளில் புளூடூத் சேராது.

இந்திய வான்வெளியில், மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தலாம் என்று விமானத்தில் அனுமதிக்கும்போதுதான் வைஃபை இணையம் கிடைக்கும். பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும். டேட்டா ரோமிங்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள். விமானத்துக்குள் இயங்கும் மொபைல் நெட்வொர்க்கில் ஃபோன் தானாகச் சேர்ந்துகொண்டால், ஊர் திரும்புவதற்குள் கட்டணம் எகிறிவிடும்.