டென்ட் போட்ட நிலத்தோட கதைய எழுதுறது எப்படி

வேலூர் கிட்ட அமிர்தி பக்கம் தாத்தா காலத்து கழனியில இப்ப டென்ட் போட்டு கேம்ப்சைட் நடத்துறோம், வர்றவங்க எல்லாம் "முன்னாடி இங்க என்ன இருந்துச்சு"ன்னு கேக்குறாங்க, சரி ஒரு போர்டு எழுதி வைப்போம்னு ஆரம்பிச்சேன், மூணு மாசம் ஆயிடுச்சு. உங்களுக்கும் அந்த மாதிரி நிலம் இருந்தா இத படிங்க.

மொதல்ல மூலப்பத்திரம். பட்டா சிட்டாவுல இப்ப யாரு பேருன்னு தான் தெரியும், கதை எல்லாம் பத்திரத்து செக்குபந்தியில, அதான் எல்லை விவரத்துல இருக்கு, இன்னார் கொல்லைக்கு மேற்கு, ஓடைக்கு தெற்குன்னு நாலு பக்கமும் போட்டிருப்பாங்க, அந்த பேர வச்சு பக்கத்து வீட்டு பெருசுங்கள கேட்டா தானா பேச ஆரம்பிச்சுடுவாங்க. எங்க வீட்ல கிணறு தாத்தா வெட்டுனதுன்னு தான் சொல்லிகினு இருந்தாங்க, பத்திரத்துல பாத்தா "கிணற்றில் 4-ல் 1 பாகம்"னு இருக்கு! அவரு ஆழப்படுத்துனாரு, ஆயில் இன்ஜின் வச்சாரு, அவ்ளோ தான். போர்டுல அப்படியே போட்டேன், பெரியப்பா ரெண்டு நாள் பேசல.

வில்லங்க சான்று (நிலம் யார் கைல இருந்து யார் கைக்கு போச்சுன்னு காட்டுறது) ஆன்லைன்ல பெரும்பாலும் 1975ல இருந்து தான் வரும், அதுக்கு முந்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போடணும். 80கள்ல யுடிஆர்னு நில கணக்கெல்லாம் புதுப்பிச்சப்ப சர்வே நம்பர் மாறியிருக்கலாம், பழைய நம்பரும் எடுத்துக்குங்க. ஜில்லா பேர பாத்து குழம்பாதீங்க, வடஆற்காடு 1989ல ரெண்டாச்சு, நம்ம பாதி வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், 1996ல வேலூர், 2019ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிஞ்சு போச்சு, நிலம் என்னவோ அங்கயே தான் கீது.

பாட்டிங்க வருஷம் சொல்ல மாட்டாங்க, "விரோதி வருஷம்"னுவாங்க, அது 1949. ஆனா 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பேரு திரும்ப வரும், பாத்து போடுங்க. கிஸ்து (நிலவரி) ரசீதுல பசலின்னு வருவாய் கணக்கு வருஷம் இருந்தா 590 கூட்டிக்குங்க, 1359ன்னா 1949 ஜூலைல ஆரம்பிக்குது.

அப்புறம் வயசானவங்கள நிலத்துக்கே கூட்டினு போங்க, வீட்ல உக்காந்து கேட்டா ஒண்ணும் வராது. எங்க பெரியம்மா ரெண்டாவது டென்ட் கிட்ட நின்னு, இது கவலை மாடு, அதான் கிணத்துல தண்ணி இறைக்கிற மாடு, இறங்குன சரிவுடான்னாங்க, மண்ணுல சாய்வு இன்னும் தெரியுது, நாங்க தண்ணி வடியுதேன்னு திட்டிகினு இருந்தோம். போன்ல ரெக்கார்டு போட்டுடுங்க, எழுதுனா பாதி போயிடும்.

பாகப்பிரிவினை சண்டை வேணாம், விட்டுடுங்க. இலவச கரென்ட்டு மோட்டாருக்கு எப்ப வந்துச்சுன்னு எழுதலாம், ஆனா அந்த லைன்ல இருந்து டென்ட்டுக்கு வயர் இழுத்துடாதீங்க, அது விவசாயத்துக்கு மட்டும், கேம்ப்சைட்டுக்கு தனி சர்வீஸ் தான்.

போர்டு பத்து வரிக்கு மேல போனா யாரும் நின்னு படிக்கல. அதனால மிச்சத்த டென்ட் பேர்லயே வச்சுட்டோம், கிணத்துமேடு, புளியமரத்து கொல்லை, களத்துமேடுன்னு. மூணாம் நம்பருக்கு பேரு வைக்கல, பெரியம்மா வந்து பாத்துட்டு, "மல்லாட்டை ஆய்ஞ்ச எடம்னு எழுதுடா"ன்னாங்க, மல்லாட்டைன்னா வேர்க்கடலை, எழுதிட்டேன்.