டிரைவர் அப்டேட் பண்ணப் போறியளா? இந்த சோலியெல்லாம் பாக்காதீங்க

வீட்டு சிஸ்டம் கொஞ்சம் இழுக்க ஆரம்பிச்சா போதும், 'டிரைவர அப்டேட் பண்ணுங்க, சரியாயிரும்'னு சொல்ல மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவில் வரைக்கும் ஆள் உண்டு. டிரைவர்னா ஸ்பீக்கர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி ஒவ்வொரு சாமானையும் விண்டோஸ் வேல வாங்குததுக்கு உள்ள சின்ன சாஃப்ட்வேர். ஸ்லோ ஆவுததுக்கும் டிரைவருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது, ராம் பத்தாம இருக்கும், இல்லன்னா பழைய ஹார்ட் டிஸ்க்லயே ஓடிட்டு கெடக்கும், எஸ்எஸ்டிங்க வேகமான டிஸ்க் போட்டா தீந்துச்சு. சவுண்ட் வரல்ல, வைஃபை காணல்ல, ஸ்கிரீன் மினுங்குது, புதுசா வாங்குன கேம் கிராஷ் ஆவுது, இந்த மாதிரி ஏதாவது இருந்தாதான் டிரைவர் பக்கம் போணும். ஒழுங்கா ஓடிட்டு இருக்கதுல கை வைக்கதுதான் முதல் தப்பு.

அடுத்தது இந்த டிரைவர் அப்டேட்டர் சாஃப்ட்வேர். ஃப்ரீயா ஸ்கேன் பண்ணித் தாரேன்னு வரும், ஸ்கேன் முடிஞ்ச உடனே செவப்பு செவப்பா ஒரு பெரிய லிஸ்ட்ட காட்டி எல்லாம் பழசாப் போச்சுன்னு பயமுறுத்தும், பின்ன காசு கேக்கும். தக்கலைல எங்க சித்தப்பா வீட்டு லேப்டாப்ல இப்பிடி ஒண்ணப் போட்டு எல்லாத்தையும் அப்டேட் அடிச்சி விட்டுட்டாங்க, அதுக்குப் பிறவு ஸ்பீக்கர் செத்துப் போச்சு. சித்தி ஃபோன் போட்டு 'மக்களே, துபாய்ல இருந்து வீடியோ கால்ல மவன் வாய அசைக்கான், ஒண்ணும் கேக்கல்ல'ன்னு ஒரே பொலம்பல். அந்த லேப்டாப்புக்குன்னு கம்பெனி குடுத்த ஆடியோ டிரைவர தூக்கிட்டு பொதுவான ஒண்ணப் போட்டு வச்சிருந்துது, அவ்வளவுதான் விசயம்.

அந்த லிஸ்ட்ல 'பழசு'ன்னு காட்டுததுலயும் ஒரு கூத்து இருக்கு. சிஸ்டத்துல உள்ள சாமானையெல்லாம் லிஸ்ட்டா காட்டுத விண்டோஸோட டிவைஸ் மேனேஜர்ல போயி ஏதாவது ஒண்ணுல டிரைவர் டேப்ப தொறந்து பாருங்க, மைக்ரோசாஃப்ட்டோட சொந்த டிரைவர் நெறையதுல 2006 ஜூன் 21னு தேதி போட்டிருக்கும், இன்டெல் சிப்செட்ல சிலதுல 1968 ஜூலை 18னு கூட இருக்கும், அது இன்டெல் கம்பெனி தொடங்குன நாள். விண்டோஸுக்கு ஒரே சாமானத்துக்கு சரிசமமாப் பொருந்துற ரெண்டு டிரைவர் கெடச்சா தேதி புதுசா இருக்கதத்தான் எடுக்கும். அதனால கம்பெனிக்காரன் குடுத்த டிரைவர தள்ளிட்டு பொது டிரைவர் உள்ள வந்துரக் கூடாதுன்னு வேணும்னே பழைய தேதிய போட்டு வச்சிருக்காங்க. தேதிய மட்டும் பாத்து பதறுத ஆளுதான் இந்த அப்டேட்டருக்கு வருமானம்.

அப்போ எங்க எடுக்கணும்? லேப்டாப்னா அந்தக் கம்பெனி சைட்டுல, அடியில ஒட்டியிருக்க மாடல் நம்பர், சீரியல் நம்பரப் போட்டு. அசெம்பிள் பண்ணுன சிஸ்டம்னா மதர்போர்டு கம்பெனி சைட்டுல. கூகுள்ல தேடுனா மேல விளம்பரமா வருத லிங்க்க தொடாதீங்க. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் போட்டு என்ன சாமான்னே தெரியாம ஒண்ணு கெடந்தா, டீட்டெயில்ஸ் டேப்ல ஹார்டுவேர் ஐடிய பாருங்க, 8086னு இருந்தா இன்டெல், 1002ன்னா ஏஎம்டி. விண்டோஸ் அப்டேட்ல ஆப்ஷனல் அப்டேட்ஸ்ல கெடக்க டிரைவர, பிரச்சன இருந்தா மட்டும் எடுங்க. பேரே ஆப்ஷனல்தானே.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் என்விடியா, ஏஎம்டி சைட்டுல நேரா எடுக்கலாம், ஆனா கார்டு பழசான்னு பாத்துக்கிடணும். என்விடியாவோட ஜிடி 710 கார்டு இப்பவும் நெறைய வீட்டுல ஓடுது, அதுக்கு 470 சீரிஸ் டிரைவர்தான் கடைசி, அதுக்கு மேல உள்ளத எறக்குனா டேட்டா போவுமே தவிர இன்ஸ்டால் ஆவாது.

ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்துனா எது கெடுத்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது, ஒவ்வொண்ணா போடுங்க. போடதுக்கு முன்னால ரீஸ்டோர் பாயின்ட் ஒண்ணு வச்சிருங்க, ஏதாவது கெட்டுப் போனா பழைய நெலமைக்கு திரும்பிப் போவலாம். டிரைவருங்கது விண்டோஸோட அடிமட்டத்துல ஓடுத சாமான், அங்கன ஒண்ணு தப்பினா மொத்த சிஸ்டமும் படுத்துரும், 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்டிரைக்குங்க செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனியோட அப்டேட்ல ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர் நீல ஸ்கிரீன்ல நின்னது அந்த எடத்துல வந்த கோளாறுதான். புதுசு சரியில்லன்னா டிரைவர் டேப்லயே ரோல் பேக் பட்டன் இருக்கு, அது மங்கலா இருந்தா பழசு சேமிச்சு வைக்கலன்னு அர்த்தம்.

டிரைவர் போட்டுட்டு ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட் குடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் முழுசா ஷட் டவுன் கெடையாது, பழசயே திரும்ப எழுப்பி விடும்.

விண்டோஸ் புதுசா போடுதவங்க வைஃபை டிரைவர முன்னாலயே பென்டிரைவ்ல எடுத்து வைக்கணும். மறந்துட்டா ஆண்ட்ராய்டு ஃபோன கேபிள்ல மாட்டி ஃபோன் நெட்ட கம்ப்யூட்டருக்கு குடுக்க யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, டிரைவர் தேடாமலே பெரும்பாலும் நெட்டு வந்துரும்.

கடைசியா பயாஸ், அதாவது ஆன் பண்ணுன உடனே விண்டோஸுக்கு முன்னால ஓடுத, மதர்போர்டுலயே இருக்க சாஃப்ட்வேர். டிரைவர் லிஸ்ட்டோட சேந்து கெடக்கதுனால இதயும் டிரைவர்னு நெனச்சு அமுக்கிருதாங்க. பாதியில கரண்டு போச்சுன்னா போர்டே எந்திரிக்காமப் போவலாம். நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ஒரு தென்னமட்ட கம்பியில விழுந்தாப் போதும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புல மழக்காலத்துல இந்த சோலியே வேண்டாம், லேப்டாப்னா சார்ஜ் ஏத்தி, சார்ஜர மாட்டி வச்சிட்டே பண்ணுங்க. அதுக்கு முன்னால டிஸ்க்க பூட்டி வைக்க பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னும் பாருங்க, பயாஸ் மாறுனதும் சில லேப்டாப் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டு நிக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போயி அந்த நம்பர எடுத்து ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு பின்ன அப்டேட்ட அமுக்குங்க.