டெல்லி ஐப்பசியும் பள்ளிப் பிள்ளைகளும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மழை அடைத்துக்கொண்டு பெய்யும், இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று காலையில் டி.வி.யைப் போட்டுப் பார்ப்போம். டெல்லியில் அதே ஐப்பசியில் மழை இருக்காது, புகை இருக்கும். ஆர்.கே. புரமோ மயூர் விஹாரோ ஜனக்புரியோ, இங்கே வந்து எத்தனை வருடம் ஆனாலும் நம் உடம்பில் ஓடுவது ஊர்க் காலண்டர்தான். நான் இந்த நகரத்தில் பதினாறு வருடமாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஹாஃப் இயர்லி பரீட்சை முடிந்து தீபாவளி தாண்டிக் குளிர் இறங்கும் வரையிலான இந்த இரண்டரை மாதத்தில் தமிழ்ப் பெற்றோர் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல், ஊரில் சரியாக இருந்த பழக்கத்தை அப்படியே இங்கேயும் செய்வதால் வருபவை.

முக்கியமானது காற்று. அதிலிருந்து தொடங்குகிறேன்.

காலைக் காற்று

ஜன்னலைத் திற, காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். லேசாகக் குளிர ஆரம்பித்ததும், "காலையில் பார்க்கில் ரெண்டு ரவுண்டு ஓடட்டும்" என்று பிள்ளையை ஆறு மணிக்கே எழுப்பி அழைத்துப்போகிற அப்பாக்கள் நிறையப் பேர். டெல்லியில் இந்த மாதங்களில் பெரும்பாலும் அந்த நேரத்துக் காற்றுதான் நாளிலேயே மோசமானது. இரவில் தரை குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று, பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. வண்டிப் புகை, குப்பை எரித்த புகை, கட்டடத் தூசி, பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்தபின் தாளைக் கொளுத்தும் புகை எல்லாம் அந்த மூடிக்கு அடியில் மாட்டிக்கொள்கின்றன. சென்னையில் மத்தியானம் கடற்காற்று வந்து தள்ளிக்கொண்டு போகும். இங்கே அது கிடையாது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி கொஞ்சம் திறக்கும்.

ஆகவே ஓடவோ சைக்கிள் ஓட்டவோ விடுவதென்றால் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் விடுங்கள். ஜன்னலையும் அப்போது திறங்கள். ஏ.க்யூ.ஐ. என்கிற காற்றுத் தர எண் 300-ஐத் தாண்டிய நாளில் அதுவும் வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் ஏ.க்யூ.ஐ. பார்க்கலாம்: 201 முதல் 300 வரை மோசம், 301 முதல் 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடும் எண், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி. டெல்லி முழுவதற்குமாகச் சொல்லும் அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. ஆனந்த் விஹாரில் ஒன்று இருக்கும், ஆர்.கே. புரத்தில் வேறொன்று இருக்கும். வீட்டுக்கும் பள்ளிக்கும் பக்கத்திலுள்ள நிலையத்தைத் தேடி அதைப் பாருங்கள்.

கார்ட்டூன் படம் போட்ட துணி மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. பி.எம். 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான், துணி வழியாகத் தாராளமாகப் போகும். என்-95 வேண்டும், அதுவும் குழந்தை அளவில். பெரியவர்களுடையதை முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டால் கன்னத்தோரம் இடைவெளி விழுந்து எல்லாம் உள்ளே போய்விடும்.

வீசிங் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "மூணு மாசமா நல்லாத்தான் இருக்கான் மிஸ்" என்று சொல்லி, டாக்டர் தினசரி எழுதிக்கொடுத்த இன்ஹேலரைச் செப்டம்பரில் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அது நிறுத்தக் கூடிய மாதமே அல்ல. பள்ளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; அவசரத்துக்கான இன்ஹேலரும் அதில் பொருத்தும் ஸ்பேசர் குழலும் பையில் எந்த ஜிப்பில் இருக்கிறது என்பது வகுப்பாசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று, தோள்பட்டை ஏறி இறங்க, வாய் பேச முடியாமல், தன் பையையே விரலால் காட்டியது. நான் புத்தகங்களை எல்லாம் தரையில் கொட்டித் தேடினேன். இன்ஹேலர் பென்சில் டப்பாவுக்குள் இருந்தது. அந்த ஒரு நிமிடம் இன்னும் என் கையில் நடுங்குகிறது.

ஆன்லைன் வகுப்பு விடுமுறை நாள் அல்ல

காற்று கெட்டால் படிப்படியாக என்னென்ன நிறுத்துவது என்று ஒரு திட்டம் இருக்கிறது. 'கிராப்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஏ.க்யூ.ஐ. 400-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை, 450-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. 2024 டிசம்பரில் திருத்திய விதிப்படி, மூன்றாம் நிலை வந்துவிட்டால் ஐந்தாம் வகுப்பு வரை ஹைப்ரிட், அதாவது நேரிலும் ஆன்லைனிலும் வகுப்பு நடக்கும். வசதி உள்ள வீடுகள் எது வேண்டுமென்று தேர்ந்துகொள்ளலாம். பெரிய வகுப்புகளுக்கு முன்னால் எப்போதும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் மாறும்.

இதில் சிக்கல் என்னவென்றால், அறிவிப்பு பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான் வரும். 2024-இல் நவம்பர் 14, குழந்தைகள் தினம். அன்று மாலைதான் மறுநாள் முதல் தொடக்க வகுப்புகள் ஆன்லைன் என்று டெல்லியின் அப்போதைய முதலமைச்சர் அறிவித்தார். 2023-இல் குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியையே நவம்பர் 9 முதல் 18 வரை முன்னால் இழுத்துவிட்டார்கள். வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டு, மறுநாள் காலை ஏழேகாலுக்கு மூடிய கேட்டின் முன்னால் பிள்ளையோடு நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அக்டோபர், நவம்பரில் மட்டுமாவது இரவு படுக்கும் முன் ஒரு முறை சர்க்குலரைப் பார்த்துவிடுங்கள். லாகின் பாஸ்வேர்டை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீடானால், ஆன்லைன் நாளில் யார் வீட்டில் இருப்பது, எந்த போன் பிள்ளைக்கு என்பதை இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எனக்கு மனசு மிகவும் கஷ்டப்படுகிற ஒரு காட்சி. காற்று கெட்டுவிட்டது என்றுதான் பள்ளியை மூடினார்கள். பத்தரை மணிக்கு ஆன்லைன் வகுப்பு முடிகிறது. பதினொரு மணிக்கு அதே பிள்ளைகள் காலனி பார்க்கில், முகத்தில் மாஸ்க் இல்லாமல், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடும்போது குழந்தை இழுக்கும் மூச்சு, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. அப்படி விடுவதாக இருந்தால் பள்ளிக்கு அனுப்பியிருப்பதே மேல். வீட்டுக்குள் பல்லாங்குழி, தாயம், கேரம் என்று எடுத்துப் போடுங்கள். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் அந்தப் பத்து நாள் அவர்களுக்கும் பொழுது போகும்.

காலையில் மருந்து கொடுத்து அனுப்பிய காய்ச்சல்

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை டெல்லியில் டெங்கு காலம். காலையில் உடம்பு சுடுகிறது, ஆபீசில் லீவு கிடைக்காது, சிரப்பில் ஐந்து மில்லி கொடுத்து வேனில் ஏற்றிவிடுகிறார்கள். பத்தரை, பதினொன்றுக்கு மருந்தின் வேகம் குறைகிறது. பிள்ளை மேஜையில் தலை வைத்துப் படுத்துவிடும். தொட்டுப் பார்த்தால் நெருப்பு. பெற்றோர் வந்து அழைத்துப்போக இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் வேலைக்குப் போகிற அம்மாதான். ஆனாலும் காய்ச்சலோடு அனுப்பாதீர்கள். காய்ச்சல் விட்டு, மருந்து கொடுக்காமலேயே முழுதாக ஒரு நாள் கழிந்த பிறகு அனுப்புங்கள்.

காய்ச்சல் இறங்கியதும் எல்லாம் சரி என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கு மேல், காய்ச்சல் தணிகிற சமயத்தில்தான் வருகிறது. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை சோர்ந்து துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பாரசிட்டமால் தவிர ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகை மருந்துகளைத் தரக் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்தாகிவிட்டதே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் கூலரைக் கவனியுங்கள். செப்டம்பர் கடைசியில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, தண்ணீரோடு பால்கனியில் அப்படியே விட்டுவிடுகிறோம். ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவிக் காய வைத்துத்தான் மூட வேண்டும். டெல்லி அரசு 2019-இல் '10 வாரம், 10 மணி, 10 நிமிடம்' என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்க்கச் சொன்னதே, அந்த யோசனை இன்றைக்கும் நல்ல யோசனை. இந்தக் கொசு பகலில் கடிப்பது; ஆகவே ராத்திரி கொசுவலை மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது. முழங்கால் வரை சாக்ஸ், முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

ஸ்வெட்டர், எஸ்கார்ட் கார்டு

குளிரைக் கண்டு நமக்குப் பயம் அதிகம். நவம்பர் முதல் வாரத்திலேயே தெர்மல், அதன்மேல் சட்டை, ஸ்வெட்டர், பிளேசர், தலையில் குரங்குக் குல்லா. காலை ஏழு மணிக்குச் சரிதான், பன்னிரண்டு மணிக்கு வெயிலில் பிள்ளை வியர்த்து வழிகிறது. கழற்றுவதற்கு வசதியாக ஒவ்வொன்றாகப் போடுங்கள். கழற்றியது வீடு வந்து சேர, காலர் உள்பக்கம் பெயரும் வகுப்பும் தைத்துவிடுங்கள். எங்கள் தொலைந்த பொருள் பெட்டியில் போன டிசம்பரில் 23 நேவி ப்ளூ ஸ்வெட்டர்கள் இருந்தன, ஒன்றில்கூடப் பெயர் இல்லை. குளிரில் தாகம் தெரியாது, வாட்டர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால் கேளுங்கள்.

தீபாவளியை ஒட்டித் தாத்தா பாட்டி வருவார்கள். பேரனைக் கூட்டிவர அவர்களை அனுப்பும்போது, பிள்ளையைக் கூட்டிப்போகப் பள்ளி கொடுத்திருக்கும் எஸ்கார்ட் கார்டை மறந்துவிடாதீர்கள். வெள்ளை வேட்டியில் ஒரு தாத்தா கேட்டில் நின்று, "என் பேரன், ஒண்ணாங் கிளாஸ்" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளிக்குப் புரியவில்லை, கார்டு இல்லாமல் விடவும் கூடாது. காவலாளி செய்தது சரி. உள்ளேயிருந்து பேரன் "தாத்தா" என்று கத்தினான். நான் அவ்வழியாகப் போனதால் அம்மாவுக்கு போன் போட்டு உறுதி செய்துகொண்டு அனுப்பிவைத்தோம். காலையிலேயே டைரியில் இரண்டு வரி எழுதி, அவர்கள் போட்டோவை வகுப்பாசிரியைக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பெரியவர் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருக்க மாட்டார்.

பி.டி.எம்.மில் இந்தி மார்க்

ஹாஃப் இயர்லி விடைத்தாள் கொடுக்கும் பெற்றோர்-ஆசிரியர் கூட்டமான பி.டி.எம்.மில் தமிழ்ப் பெற்றோர் முதலில் எடுப்பது இந்தித் தாள். சிவப்பு வட்டங்களைப் பார்த்ததும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் திட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வட்டம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சாப்பாடு என்று எழுத வேண்டிய இடத்தில் பாட்டு என்று எழுதியிருப்பான். இந்தியில் அவை இரண்டு வேறு எழுத்துகளில் தொடங்கும் சொற்கள். நம் எழுத்தில் இரண்டுமே 'கானா'தான். இந்தியின் நான்கு க-வுக்கும் நமக்கு ஒரே க. அவன் காது அப்படிப் பழகியிருக்கிறது, அதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமே இல்லை.

இதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இந்தியில் பேச ஆரம்பிப்பது, நான் பார்த்ததிலேயே வருத்தமான தவறு. உங்கள் இந்தியிலும் அதே ஒற்றைக் க-தான் இருக்கும். பிள்ளைக்குத் தமிழும் போகும், இந்தியும் சரியாக வராது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குக் கையில் ஊதல் படும், பாட்டுக்குப் படாது. தினம் ஐந்து நிமிடம், விளையாட்டாக. என் வகுப்பில் இதை ஜனவரிக்குள் பிடித்துக்கொள்ளாத பிள்ளை அபூர்வம்.

விடுப்பும் டிக்கெட்டும்

தசராவுக்குச் சில நாள், தீபாவளிக்குச் சில நாள் என்று துண்டு துண்டாகத்தான் இங்கே விடுமுறை. இடையில் உள்ள நாட்களுக்குக் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள். திரும்பி வந்ததும் பிள்ளையே, "மிஸ், நாங்க ரயில்ல போனோம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிடுகிறது. அப்புறம் அம்மா சொல்லிக்கொடுத்ததை நினைத்து அதன் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காது. ஊருக்குப் போகிறோம் என்றே எழுதிக் கொடுங்கள். டெங்குக் காலத்தில் காய்ச்சல் என்று நீங்கள் எழுதினால், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் நாங்கள் எச்சரிக்கை சொல்லவேண்டி வருகிறது.

நீண்ட விடுமுறை வேண்டுமென்றால் ஜனவரியைப் பாருங்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் குளிர்கால விடுமுறை வழக்கமாக ஜனவரி 1 முதல் 15 வரை, பொங்கல் அதற்குள்ளேயே வந்துவிடும். தனியார் பள்ளியானால் உங்கள் காலண்டரில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ ஏற நினைப்பவர்கள் நவம்பர் 2-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு போனோடு உட்கார்ந்துவிடுங்கள்.