டோப்ராமைசின் ரத்த அளவு பார்க்கும் நாளில் பெற்றோர் செய்ய வேண்டியவை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி சேரும் பிறவி நோய்) உள்ள எங்கள் மகனுக்கு நுரையீரலில் சூடோமோனாஸ் கிருமி தலைதூக்கினால், டெல்லியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள். புதிதாக வரும் பெற்றோர் டோஸைப் பார்த்துப் பதறுகிறார்கள். மற்றவர்களுக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 மி.கி. போதும் என்றால், நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 10 மி.கி., தினம் ஒரே வேளை. இது சிறுநீரில் அப்படியே வெளியேறும் மருந்து. இந்த நோயில் சிறுநீரகம் அதை வேகமாக வெளியேற்றுகிறது. மெலிந்த உடம்பில் கிலோவுக்கு நீர்ப்பங்கும் அதிகம், மருந்து அதில் பரவி நீர்த்துப்போகிறது. அதற்காகக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. உடம்பில் தங்கினால் சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படும். அதனால்தான் ரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள்.

முதலில், மருந்து தொடங்கும் முன்பே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று எழுதி வையுங்கள். லேப் தாளில் ‘நார்மல்’ என்று இருப்பதை நம்பி நிறுத்தாதீர்கள். தசை குறைந்த பிள்ளைக்கு கிரியேட்டினின் எப்போதும் தாழ்வாகவே இருக்கும். 0.3 இருந்தது 0.6 ஆனால் தாளில் நார்மல்தான், ஆனால் இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். மருந்து ஏறி முடிந்த நேரம், ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்த நேரம் எல்லாம் நிமிடம் வரை வேண்டும். வார்டுக் கடிகாரம் வேண்டாம், கைப்பேசியைப் பாருங்கள். இதற்கென்று இருக்கும் ஆப்களைவிட ஒரு சின்ன நோட்டுப் புத்தகமே எனக்குப் பிடிக்கும். ரவுண்ட்ஸில் டாக்டர் கையில் அப்படியே கொடுத்துவிடலாம்.

எங்களை அலைக்கழித்தது ரத்தம் எடுத்த இடம். ஒருமுறை அளவு எக்கச்சக்கமாக ஏறி வந்தது, அன்றைய டோஸையே நிறுத்தினார்கள். விசாரித்தால், மருந்து ஏற்றிய பிக் லைனிலேயே (கை வழியே பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்டு வைக்கும் நீளக் குழாய்) ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். குழாயில் ஒட்டியிருந்த மருந்து ரத்தத்தோடு கலந்து பொய்க் கணக்கு காட்டியது. மறு கையில் ஊசி போட்டு எடுத்தபோது சரியான அளவு வந்தது. “சிஸ்டர், தூஸ்ரே ஹாத் ஸே லீஜியே” (மறு கையிலிருந்து எடுங்கள்) என்று சொல்லத் தயங்காதீர்கள். குழந்தைக்கு இன்னொரு குத்துதான், ஆனால் தவறான அளவை வைத்து டோஸைக் குறைத்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம் கணக்கு. உதாரணத்துக்கு, காலை 11.30க்கு 20, மாலை 5.30க்கு 2.5 மி.கி./லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20, 10, 5, 2.5: ஆறு மணி நேரத்தில் மூன்று முறை பாதியாகியிருக்கிறது, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். அடுத்த டோஸுக்குள் 1க்கும் கீழே போய்விடும், அதுதான் வேண்டும். மாலை அளவு 2.5க்குப் பதில் 7 என்று வந்தால் பாதியாக நான்கு மணி நேரம் ஆகிறது, சிறுநீரகம் மெதுவாகியிருக்கலாம். டோஸை மாற்றுவது டாக்டர் வேலை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

டெல்லி மே, ஜூன் வெயிலில் நம் பிள்ளைகள் வியர்வையில் உப்பை ஏராளமாக இழப்பார்கள். உடம்பு வறண்ட நிலையில் இந்த மருந்து சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட நிம்பு பானி தாராளமாகக் கொடுங்கள். காய்ச்சலுக்கு காம்பிஃபிளாம் வேண்டாம். அதில் ஐபுப்ரோஃபென் இருக்கிறது, டோப்ராமைசினோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. டாக்டரைக் கேட்டு வெறும் பாராசிட்டமால் கொடுக்கலாம்.

பின்சேர்க்கை: நரம்புக்குப் பதில் விரல் நுனியில் குத்தி எடுத்தால் என்ன என்று மயூர் விஹாரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். நெபுலைசரிலும் டோப்ராமைசின் எடுக்கும் பிள்ளை என்றால் வேண்டாம். விரல் தோலில் படிந்த மருந்து துளியில் கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். நரம்பிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.