அப்பாவுக்குப் பெருந்தமனியில் ஸ்டென்ட்: வீட்டில் செய்ய வேண்டியவை

பெரம்பூரில் ஒரு விடியற்காலை, அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு, “உள்ள கிழிக்கிற மாதிரி இருக்கும்மா” என்றார். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரத்தை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வந்த நொடியிலேயே உச்சத்தில் நிற்கும் வலி என்றால் உடனே 108.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்திருந்தது. கிழிசல் இதயத்தை ஒட்டி இருந்தால் பொதுவாக நெஞ்சைத் திறந்துதான் சிகிச்சை. அப்பாவுக்குக் கிழிசல், பெருந்தமனி வளைந்து கீழிறங்கும் பகுதியில். குடலுக்கு ரத்தம் குறைந்ததால், தொடை இடுக்கு வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட்டை (கம்பி வலைக் குழாயை) ஏற்றிக் கிழிசலின் வாயை மூடினார்கள்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. இனி பிபிதான் எல்லாம். காலை, மாலை அளந்து நோட்டில் எழுதுங்கள். “இப்போ நார்மல்தானே” என்று மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். ஊறுகாய், அப்பளம் குறையட்டும். முக்கும்படி மலச்சிக்கல் வரக்கூடாது. குடம் தூக்கக்கூடாது, தண்ணீர் லாரி ஹாரன் கேட்டால் அப்பாவைப் பிடித்து உட்கார வைப்பதே என் வேலை.

கால் மரத்தாலோ பலமிழந்தாலோ, வலி திரும்பினாலோ, உடனே ஆஸ்பத்திரி. வலியே இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தேதியில் சிடி ஸ்கேன் எடுங்கள். ஸ்டென்ட் ஓரத்தில் ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது.