பழைய மாருதி 800: முன் சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்றுவது எப்படி, அலைன்மெண்ட் வரை

2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன வண்டி என்றாலும் மாருதி 800 இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் முன்பக்க ஷாக், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை), டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் சக்கரப் பக்க முனை) ஆகியவற்றை மாற்றி அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) வரை கொண்டுபோகும் வழியை இங்கே எழுதுகிறேன். ஜாக்கி போடவும் சக்கரம் கழற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றதும் நேரே அலைன்மெண்ட் கடைக்குப் போகாதீர்கள். மெஷின் அளப்பது நிற்கிற வண்டியை. புஷ் (ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர்) கிழிந்திருந்தால் வண்டி ஓடும்போது சக்கரம் வேறு கோணத்துக்குப் போய்விடும். ஆட்டம் உள்ள பாகங்களை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்வது வீண் செலவு.

எது போயிருக்கிறது?

முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் உருண்டை மூட்டு). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது டக் டக் என்றால் டை ராட் எண்டைத் தொட்டுக்கொண்டே ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலில் தெரியும். லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கு ஒரு லிவரை இடையில் விட்டு நெம்பிப் பாருங்கள்.

டயரும் சொல்லும். டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தேய்த்தால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தப்பு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சந்தேகியுங்கள். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் செத்துவிட்டது.

என்ன வாங்குவது

ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது தெரியும். கூடவே மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், ஸ்டெபிலைசர் பார் (இரண்டு பக்க ஆர்மையும் இணைக்கும் கம்பி) புஷ்கள், புது ஸ்ப்ளிட் பின்கள். பால் ஜாயிண்ட் மட்டும் தனியாக அழுத்திப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். நான் ஆர்மை முழுதாகத்தான் வாங்குவேன். புஷ்ஷும் சேர்ந்து புதிதாகிவிடும். சென்னையில் புது சாமானுக்கு ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே பழையதாக வாங்காதீர்கள்.

டூல்ஸில் இரண்டு மட்டும் பேரம் பேச முடியாதவை: ஜாக் ஸ்டாண்ட் ஜோடி ஒன்று, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) ஒன்று. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமல் உடையும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், அது இரண்டாவது காவல். முள்கரண்டி மாதிரி உள்ள பால் ஜாயிண்ட் கருவி எனக்குப் பிடிக்காது, ரப்பரைக் கிழித்துவிடும். ஸ்க்ரூ வைத்த புல்லர் வாங்குங்கள்.

கழற்றுவது

இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்குங்கள். இந்த வண்டியில் ஸ்டெபிலைசர் பாரின் நுனி லோயர் ஆர்முக்குள் நுழைந்து நட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வதும் அந்தப் பார்தான். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி நிற்கும், கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. முந்தின நாள் இரவே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

டை ராட் எண்ட்: லாக் நட்டை லேசாகத் தளர்த்தி, அது இருந்த இடத்தில் பெயிண்ட் கோடு போடுங்கள். எண்டைச் சுழற்றி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால் அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப்போக முடியும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (நட்டு ஏறியிருக்கும் தண்டு) சுற்றுகிறதா? எண்டின் அடியில் ஜாக்கியை வைத்து மெல்ல மேலே அழுத்துங்கள், கூம்புப் பகுதி இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஷாக்: பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்துவிட்டு, நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இருக்கும் இரண்டு போல்ட்டுகள், பிறகு பானெட்டுக்குள் மேல் நட்டுகள். மேலே நடுவில் ஒரு நட்டு தெரியும். அதைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாவிட்டால் ஷாக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ஸ்பிரிங்கைப் புது ஷாக்கில் மாற்றிப் போட்டு வாங்கிவாருங்கள், இதில் வீரம் வேண்டாம். திரும்பி வந்ததும் ஸ்பிரிங்கின் கீழ் நுனி, அதைத் தாங்கும் தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாக் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதை அப்படியே விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்று வரும். கம்பியால் உடனே கட்டிவிடுங்கள்.

லோயர் ஆர்ம்: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

பால் ஜாயிண்ட்டின் தண்டு நக்கிளில் உள்ள பிளவுபட்ட துளைக்குள் செருகியிருக்கும். ஒரு போல்ட் குறுக்கே போய் அந்தப் பிளவை இறுக்கிப் பிடிக்கும். நட்டைத் தளர்த்தியதும் ஆர்ம் இறங்கிவிடும் என்று நினைத்துச் சுத்தியலால் அடிப்பவர்கள் அதிகம். இறங்காது. தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகிறது. போல்ட்டை முழுக்க உருவி வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பிளவில் ஒரு தட்டை உளியைச் செருகி லேசாகத் தட்டினால் துளை விரியும், ஆர்மை நீளமான கம்பியால் கீழே அழுத்தினால் தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். போல்ட் துருப்பிடித்திருந்தால் பொறுமையாக முன்னும் பின்னும் திருப்புங்கள். தலை முறிந்தால் லேத்துக்குப் போக வேண்டிவரும்.

புது ஆர்மைச் செருகும்போது போல்ட் கையாலேயே உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் தண்டு முழுசாக ஏறவில்லை என்று அர்த்தம். அடித்து ஏற்றாதீர்கள். ஸ்டெபிலைசர் பார் வாஷர்கள் குழிந்த பக்கம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைக் கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்தால் நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். ஆர்மின் உள்முனை போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. கையிறுக்கம் போதும். அந்தப் புஷ்ஷில் ரப்பர், இரும்பு உறையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் எதுவும் சுழல்வதில்லை, ரப்பர் முறுக்கிக்கொடுத்துத்தான் ஆர்ம் அசைகிறது. சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கேறிய நிலையில் நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு வேகத்தடையும் அதை இன்னும் முறுக்கும். முன்பக்கம் கொஞ்சம் உயரமாகத் தெரியும், சில மாதங்களில் புதுப் புஷ் கிழியும். "டூப்ளிகேட் சாமான் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள், சாமான் மேல் குற்றமே இருக்காது.

ஆகவே, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது அந்தப் போல்ட்டைச் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்குங்கள். கீழே போக இடம் இல்லையென்றால் முன் சக்கரங்களைக் கனமான மரப்பலகை மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்கு அடை கொடுத்துவிட்டு இறுக்கலாம். ஸ்டெபிலைசர் பார் நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இதே விதி.

டோ: முதலில் தூக்குக் குண்டு, பிறகு மெஷின்

டயர் காற்றைச் சரிபார்த்து, ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். இரண்டு முன் டயர்களிலும் முன்பக்கம், சக்கரத்தின் மைய உயரத்தில், சாக்பீஸால் ஒரு குறி. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டால் அந்தக் குறிகளைத் தரையில் இறக்கி, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வண்டியை முன்னோக்கி மட்டும் தள்ளி, சக்கரம் அரைச் சுற்று சுற்றியதும் அதே குறிகள் பின்பக்கம் வந்திருக்கும். மறுபடி அளங்கள். அதே குறியை அளப்பதால் ரிம் கோணலாக இருந்தாலும் கணக்கு கெடாது. பின் அளவிலிருந்து முன் அளவைக் கழித்தால் வருவது டோ இன், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கும் அளவு. மெஷின் ரிப்போர்ட் கோணத்தில் வந்தால், இந்த 12 அங்குலச் சக்கரத்தின் ரிம் விளிம்பில் 1 மி.மீ. என்பது சுமார் 10 நிமிடம், அதாவது டிகிரியில் ஆறில் ஒரு பங்கு.

திருத்தும்போது இரண்டு பக்க டை ராடையும் சம அளவு திருப்ப வேண்டும். ஸ்டியரிங் ராக்கின் (டை ராடுகளை இடவலமாக நகர்த்தும் பாகம்) ரப்பர் பூட் ராடோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், அதன் கிளிப்பை முதலில் தளர்த்திவிடுங்கள்.

கொஞ்ச தூரம் ஓட்டி எல்லாம் உட்கார்ந்த பிறகு கடைக்குப் போங்கள். இந்த வண்டியில் திருத்தக்கூடியது டோ மட்டும். கேம்பரும் காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) பாகங்களின் வடிவத்திலேயே நிர்ணயமானவை. ரிப்போர்ட்டில் கேம்பர் சிவப்பாக, அதாவது அளவுக்கு வெளியே, வந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது ஷாக் போல்ட்டுகள் துளைக்குள் இருக்கும் சிறு இடைவெளியில் தப்பாக உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். "கேம்பர் கரெக்‌ஷன்" என்று ஜாக்கி வைத்து நக்கிளை வளைத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. என் வண்டியை அதற்கு விடமாட்டேன். வளைந்த பாகத்தை மாற்றுவதுதான் வழி.

பின்னர் சேர்த்தது

கருத்துகளில் பலரும் கேட்டது: எல்லாம் மாற்றியும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். மாறாவிட்டால் வண்டி ஓடி வந்ததும் இரண்டு ரிம்மையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் ஒட்டுகிறது.

இன்னொருவர் சொன்னது: ரிப்போர்ட் முழுக்கப் பச்சை, ஆனால் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. ஸ்டியரிங்கைக் கழற்றித் திருப்பி மாட்டச் சம்மதிக்காதீர்கள். லாக் போட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்காமல் டோ வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரும்பப் போய், ஒரு டை ராடைக் கூட்டி மற்றதை அதே அளவு குறைக்கச் சொல்லுங்கள். வெளியே வரும் முன் லாக் நட்டுகள் இரண்டையும் ஸ்பேனர் வைத்து இறுக்குவதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.